கடலின் எண்ணும் எழுத்தும்

கிணற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் மல்லாங்கிணறு. வானம் பார்த்த இப்பூமியில் தமிழ் வளர்க்கும் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு கண்டு வெளியிடும் மலரில் கடல் வரைபடத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்னும் வினா எழலாம். இரண்டு செய்திகள் அதற்கு விடையாகும். நம் மாவட்டத்தின் வழியே ஓடும் வைப்பாறும் குண்டாறும் சென்று சேர்வது மன்னார் வளைகுடாவில். இந்தியக் கடல்களின் வரைபடங்களை உருவாக்கும் நடுவண் அரசின் அலுவலகமோ எந்தக் கடற்கரையிலும் இல்லை. அது 1954 முதல் இமய அடிவாரத்து டேராடூனில் இயங்கி வருகிறது. கடலை வாசிக்கக் கரையில் குடியிருக்க வேண்டுவதில்லை.

மன்னார் வளைகுடாவில் மூழ்கியோர்க்கு இருவகை வரைபடங்கள் துணை நின்றன. ஒன்று, மூழ்குவோரும் படகோட்டிகளும் தலைமுறை தலைமுறையாக நினைவிலும் பெயரிலும் காத்த வாய்மொழி வரைபடம். மற்றொன்று, அளவையாளர் தாளில் பதித்த அச்சு வரைபடம். இவ்விரண்டும் எவ்வாறு அமைந்தன, எங்கே சந்தித்தன, ஒன்றை இழந்தால் நேர்வது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாய்மொழி வரைபடம்

கொற்கையின் முத்து சங்க இலக்கியம் பாடும் பொருள்களுள் ஒன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததாகக் கூறுகிறது. பாண்டியருக்குப் பின் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. ஆயினும் சிப்பி எங்குளது என்று அறிந்தவர்கள் மாறவில்லை. அவர்கள் இக்கரையின் பரதவரும் முஸ்லிம் மூழ்குநருமே.

முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டைப் ‘பார்’ என்பது இவர்கள் வழக்கு. நம் கரிசலில் பருத்திக்கும் மிளகாய்க்கும் பார் பிடிப்போருக்கு இச்சொல் அந்நியமன்று. நிலத்தில் மேடாக எழும் வரப்பு பார். கடலடி மணலிடையே கடினப்பட்டுக் கிடக்கும் தளமும் பார். தூத்துக்குடிக் கடலில் இப்பார்கள் கரையிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 20 கி.மீ. தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பரவியுள்ளன. தொலையிரம்பார் அவற்றுள் பெயர்பெற்றது. இலங்கைக் கரையில் மன்னாரை அடுத்துப் பெரிய பார் முதலியன உள்ளன.

நீர்மட்டத்தின்மேல் எந்த அடையாளமும் இல்லாத இடத்தை மீண்டும் மீண்டும் சென்றடைவது எங்ஙனம்? கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரு பொருள்களை, ஒரு கோபுரத்தையும் ஒரு பனங்கூட்டத்தையும் போல, ஒரே நேர்கோட்டில் வைத்துப் படகைச் செலுத்துவர். வேறொரு திசையில் மாதா கோயில் முகட்டையும் கலங்கரை விளக்கத்தையும் அவ்வாறே ஒன்றுபடுத்துவர். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே பார். திருவனந்தபுரம் கரை மீனவர் இம்முறையைக் ‘கணிச்சம்’ என்பர். கோண அளவி கொண்டு கரைப்பொருள்களை நோக்கித் தன் இடத்தைக் குறித்த ஐரோப்பிய அளவையாளரின் முறைக்கு அடிப்படையும் இதே வடிவியல்தான்.

ஆழத்தை அளந்த அலகு ‘பாகம்’. இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஏறக்குறைய ஆறு அடி. கயிற்றை நீருள் விட்டு, மேலிழுக்கும்போது கைவிரித்து அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். ஆங்கிலேயர் கடலாழத்திற்கு வழங்கிய ‘ஃபாதம்’ என்னும் அலகும் ஆறடியே. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருளும் விரித்த கைகள், தழுவுதல் என்பதேயாகும். ஒருவரை ஒருவர் அறியாத இரு மொழியினர் கடலை மனித மார்பின் அகலத்தால் அளந்தனர் என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அச்சு வரைபடம்

அச்சுக் கடல் வரைபடத்தின் வரலாற்றிலும் தமிழ்நாட்டிற்குத் தொடர்புண்டு. 1750களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகப் பணி தொடங்கியவர் அலெக்சாந்தர் டால்ரிம்பிள். அவரே 1779இல் கம்பெனியின் கடல்வரைவாளரானார். 1795இல் பிரிட்டிஷ் கடற்படை கடல்வரைவுக்கென அலுவலகம் நிறுவியபோது அதன் முதல் தலைவருமானார். இந்தியாவுக்கெனத் தனிக் கடல் அளவைத்துறை 1874இல் கல்கத்தாவில் தோன்றியது.

அக்கால அளவையாளரின் முதன்மைக் கருவி கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. அதன் அடியில் ஒரு குழி. அக்குழியில் விலங்குக் கொழுப்பை அப்பியிருப்பர். குண்டு தரையைத் தொட்டு மீளும்போது கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டிய மணலோ சேறோ சிப்பித்தூளோ தரையின் இயல்பைச் சொல்லும். எதுவும் ஒட்டாது வந்தால் அடியில் பாறை என்று உணர்வர். இவ்வாறு பெற்ற எண்ணும் எழுத்துமே இன்றளவும் வரைபடத்தில் நிற்கின்றன.

வாசிக்கும் முறை

மூச்சுக்கருவியுடன் மூழ்குபவர் வரைபடத்தில் முதலில் நோக்க வேண்டியது அலகு. பழைய தாளில் ‘7’ என்றிருப்பது ஏழு ஃபாதமாக இருக்கலாம், அது 12.8 மீட்டர். புதிய தாளில் அதே எண் ஏழு மீட்டரைக் குறிக்கும். அலகு தாளின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும்.

அடுத்தது, எந்த மட்டத்திலிருந்து அளந்த ஆழம் என்பது. கடல் மிகவும் வற்றும் நிலையை ஒட்டிய மட்டத்திலிருந்தே எண்கள் தரப்படுகின்றன. ஆதலால் உள்ளபடியான ஆழம் காண அவ்வேளையின் ஓத உயரத்தையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். தூத்துக்குடியில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. காம்பே வளைகுடாவிலோ அது பல மீட்டர்.

மூன்றாவது, எண்ணுக்கருகே நிற்கும் சிற்றெழுத்து. ஆங்கில ‘எஸ்’ மணலையும், ‘எம்’ சேற்றையும், ‘ஆர்’ பாறையையும் குறிப்பன. மூழ்குபவர்க்கு எண்ணினும் இவ்வெழுத்து இன்றியமையாதது. பார் என்பது பெரும்பாலும் மலைபோல் உயர்ந்து நிற்பதன்று. சுற்றிலும் பத்து பாகம், பாரின்மேலும் ஏறத்தாழ அதே ஆழம் என்னும்போது எண் எதையும் காட்டிக்கொடுக்காது, எழுத்தே காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, தொலைவும் திசையும். தாளின் பக்க விளிம்பில் உள்ள அட்சரேகை அளவில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். திசைவட்டத்தில் உண்மை வடக்கும் காந்த வடக்கும் தனித்தனியே காட்டப்பட்டிருக்கும். கையிலுள்ள திசைகாட்டி பின்னதையே அறியும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடல் வரைபடம் கப்பலின் அடிப்பாகத்தைக் காக்க எழுந்தது. அதனால் அளந்த எண்களுள் ஆழம் குறைந்தவற்றையே அது தேர்ந்து காட்டும். இரு எண்களுக்கிடையே கிடக்கும் பள்ளத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கப்பலுக்குப் பள்ளம் நன்மை. மூழ்குபவர்க்கு அதுவே ஆபத்து. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பொழுதுபோக்காக மூழ்குவோரிடையே பரவலாக வழங்கும் ஓர் அட்டவணை, இடைநிறுத்தமின்றி மேலேற 18 மீட்டரில் 56 நிமிடம் அனுமதிக்கிறது. 30 மீட்டரிலோ 20 நிமிடம் மட்டுமே. வரைபடத்து ஆழ எண் மூழ்குபவர்க்குக் கால எண்ணாக மாறிவிடுகிறது.

இரண்டும் சந்தித்த இடம்

எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். 1902இல் இலங்கை வந்த ஹெர்ட்மன் ‘லேடி ஹேவ்லக்’ என்னும் நீராவிக்கப்பலில் பார்களை ஆய்ந்தார். அவ்வறிக்கையை 1903 முதல் 1906 வரை லண்டன் ராயல் கழகம் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. அவருடைய உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் நெடுங்காலம் பணியாற்றினார். இவர்கள் எவரும் ‘பார்’ என்பதற்கு ஆங்கிலச் சொல் தேடவில்லை. தமிழ்ச் சொல்லையே ஆண்டனர்.

பெரிய பாரைப் பற்றிய செய்தி குறிப்பிடத்தக்கது. அங்கே இளஞ்சிப்பிகள் மிகுதியாகத் தோன்றும். ஆனால் முதிருமுன் மறைந்துவிடும். அவை அங்கிருந்து பிற பார்களுக்குச் சென்று வளர்கின்றன என நம்பிய மூழ்குநர், அதனைத் தாய்ப் பார் என்றனர். தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் நீரோட்டத்தில் அச்சிப்பிகள் அழிகின்றன என்பது ஹெர்ட்மன் முடிவு. அவர் கூறிய பரிகாரமோ, இளஞ்சிப்பிகளை எடுத்துப் பாதுகாப்பான பார்களில் இடவேண்டும் என்பதாகும். காரணத்தில் மூழ்குநர் பிழைத்திருக்கலாம். சிப்பி பிறக்கும் இடம் வேறு, முதிரும் இடம் வேறு என்னும் உண்மையை அவர்கள் வைத்த பெயர் முன்னரே காத்து வைத்திருந்தது.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய மூச்சுக்கருவி, 1950களின் பிற்பகுதியில் நம் கடலுக்கும் வந்தது. உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் வந்த இத்தாலிய வல்லுநர் பாஸ்கியேரி சால்வதோரி முத்து, சங்குப் படுகைகளைப் பற்றிய அறிக்கையை 1960இல் அளித்தார். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் தாமே மூழ்கிப் பார்களைக் கண்டு தொடர் கட்டுரைகள் எழுதினர். ஈயக்குண்டின் கொழுப்பில் ஒட்டிவந்த தூளைக் கொண்டு ஊகித்ததை, நூல் கற்றோர் தம் கண்ணாலேயே காணும் நிலை இவ்வாறு வந்தது. மூழ்குநர் அதனைப் பல நூற்றாண்டுகளாகக் கண்டு வந்தவர்கள்.

இழந்தவை

தூத்துக்குடியில் 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961உடன் முடிந்தது. அதன்பின் பார்களைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை அருகியது. சொல்லுவோர் இல்லாதபோது பெயர்கள் அறிக்கைகளின் ரோமன் எழுத்துகளுள் ஒடுங்கின. அவற்றுள் சிலவற்றின் உண்மையான தமிழ் உச்சரிப்பை அவ்வெழுத்துகளைக் கொண்டு மீட்பதும் அரிதாகிவிட்டது.

சங்கு குளிப்பு தொடர்கிறது. முன்னோர் மூச்சடக்கி மூழ்கினர். ஒரு நிமிடத்தை ஒட்டி நுரையீரலே அவர்களை மேலே அழைத்துவிடும். இன்று படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய்வழி மூச்செடுத்து நெடுநேரம் ஆழத்தில் இருப்போர் உளர். ஆழமும் நேரமும் அறியாது மேலெழுந்தால் குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளைத் தாக்கும். தண்டுவடத்தைத் தாக்கி முடமாக்கவும் கூடும். முன்னோரின் பாகக் கணக்கையும் அச்சு வரைபடத்தின் எண்ணையும் ஒருங்கே இழந்து கடலில் இறங்குபவரே பெருந்துன்பத்திற்கு ஆளாகின்றனர்.

அச்சு வரைபடமும் என்றும் மாறா ஆவணமன்று. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருள் ஆழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தமை அதற்குக் காரணம் என்பர். பழைய தாளில் நிலமாகத் தெரிவது இன்று நீர். எனவேதான் தாளின் பதிப்பாண்டையும் திருத்தக் குறிப்புகளையும் நோக்காமல் கடலிறங்கலாகாது என்பர்.

நிறைவாக

அச்சு வரைபடத்தைத் திருத்த டேராடூனில் அலுவலகம் உண்டு. வாய்மொழி வரைபடத்தைத் தொகுக்க அத்தகைய அலுவலகம் ஏதுமில்லை. அது மொழியறிந்தோர் கடமை. சங்க நூல்களில் முத்தைத் தேடும் நாம், அம்முத்து விளைந்த பார்களின் பெயர்களைத் தேடியதில்லை. தூத்துக்குடியும் வேம்பாரும் கீழக்கரையும் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்றடையும் ஊர்களே. அங்குள்ள முதிய மூழ்குநரிடம் பார்களின் பெயர்களையும், கரையடையாளங்களையும், பாகக் கணக்கையும், காற்று நீரோட்டம் பற்றிய சொற்களையும் கேட்டு, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே தமிழில் எழுதி வைக்கும் பணியை நம் வட்டம் தன் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக ஏற்குமாயின், அகராதிக்கும் அதனால் ஆக்கம் உண்டு. கடலில் இறங்கும் இளைஞர்க்கும் காப்பு உண்டு.