தனித்தேர்வர் பத்தாம் வகுப்பு: ஜவ்வாது மலை நோக்கில் ஒரு வரலாறு

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், வயது வந்த பிறகு பள்ளியில் சேராமலேயே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறும் வழி தமிழ்நாட்டில் உண்டு. இவ்வாறு எழுதுவோர் தனித்தேர்வர் எனப்படுகின்றனர். இம்முறையின் வரலாற்றையும், ஜவ்வாது மலை போன்ற பழங்குடிப் பகுதிகளுக்கு அது எந்த அளவு எட்டுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வின் வரலாறு

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை 1911இல் அறிமுகமானது. நீண்ட காலம் இது பதினோராம் வகுப்பின் இறுதியில் எழுதப்பட்டது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது பத்தாம் வகுப்புத் தேர்வாக மாறியது. தேர்வுகளை நடத்துவதற்கென அரசுத் தேர்வுகள் இயக்ககம் 1975இல் தனித்துறையாக அமைந்தது.

அமெரிக்காவில் இதே தேவைக்கு வேறு வழி காணப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்காகப் படிப்பை விட்ட படைவீரர்களுக்காக 1942இல் ஜி.இ.டி. என்னும் தனித்தேர்வு உருவாக்கப்பட்டது. பின்னர் அது பொதுமக்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கென்று தனி வினாத்தாள் இல்லை. பதினைந்து வயது மாணவர் படிக்கும் அதே பாடத்திட்டத்தையே நாற்பது வயதுத் தொழிலாளியும் படித்து எழுத வேண்டும்.

விதிகள்

பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வையும், பதினான்கரை வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்திலும் தலா 35 மதிப்பெண் பெற வேண்டும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது. இதற்காக முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் 80 விழுக்காடு வருகை காட்ட வேண்டும். கூலி வேலைக்குச் செல்பவருக்குப் பாடத்தைவிட இந்த வருகைப் பதிவே கடினமாக அமையலாம்.

எழுத்தறிவு இயக்கங்கள்

முதியோர் கல்வி இன்னொரு பாதையில் வளர்ந்தது. தேசிய முதியோர் கல்வித் திட்டம் 1978இலும், தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இலும் தொடங்கின. தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. தொண்டர்கள் மாலை வேளைகளில் எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்திடக் கற்றனர். ஆனால் கையெழுத்திலிருந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அழைத்துச் செல்லும் தொடர்ச்சியான வகுப்புகள் பரவலாக உருவாகவில்லை. எழுதக் கற்றவரைத் தேர்வுத்துறை அறியவில்லை. தேர்வு எழுத விரும்பியவருக்கு எழுத்தறிவு இயக்கத்தில் அடுத்த வகுப்பு இல்லை.

ஜவ்வாது மலை

இந்த இடைவெளி மலைப்பகுதிகளில் மேலும் பெரிது. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. சாமை விளையும் இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளோடு வனத்துறைப் பள்ளிகளும் இங்கு இயங்குகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே அது சுமார் 54 விழுக்காடு மட்டுமே.

மலையில் வேலை போதாமல் குடும்பங்கள் வெளியூர்களுக்குச் செல்லும்போது பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தொழிலாளர்களில் இம்மலைப் பகுதியினரும் இருந்தனர். கூலிக்காக மலையை விட்டு வெளியேறுவோரின் நிலையை அந்நிகழ்வு நாடறியச் செய்தது.

சான்றிதழின் மதிப்பு

குரூப் 4 தேர்வுக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. போக்குவரத்து வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை என்ற விதி 2019இல்தான் நீக்கப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் நடைமுறையில் இருந்தபோது, அதில் பிற பெண்கள் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டியிருந்தது. பழங்குடிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பே போதும் என்றிருந்தது. இச்சலுகை உதவியைப் பெற்றுத் தந்தது; படிப்பைத் தொடரும் வழியைத் தரவில்லை.

பள்ளிச் சான்றிதழைத் தவிர்த்துவிட்டு நேராகப் பட்டம் பெறுவதும் பயன் தராது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என 2009 அரசாணை கூறுகிறது. தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமையும் தனித்தேர்வராகத் தேறியவருக்குக் கிடைப்பதில்லை. தமிழிலேயே தேர்வு எழுதியிருந்தாலும், பள்ளியில் பயிலவில்லை என்பதே காரணம்.

இன்றைய நிலை

1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம் எனப் பெயர் மாறியது. பதினான்கு வயது நிறைந்தவர் இதில் பத்தாம் வகுப்பில் சேரலாம், கணிதம் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் 2020-21இல் ‘கற்போம் எழுதுவோம்’ இயக்கம் நடந்தது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், பள்ளி வகுப்புகளுக்கு இணையான கல்வியையும் தன் நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டுள்ளது. எழுத்தறிவையும் சான்றிதழையும் ஒரே திட்டத்தில் இணைக்க இது இடமளிக்கிறது. மாலை வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் மலையிலேயே கிடைத்தால்தான், பள்ளியை விட்ட ஜவ்வாது மலை மக்களுக்கு அந்த இணைப்பு பயன்படும்.