மண்ணுக்குள் ஒரு கைச்சுவடு



சுரங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவன 2001-இல் மூடப்பட்ட கோலார்த் தங்கச் சுரங்கமும், ஜாரியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுமே. இரும்பும் நீராவியும் மின்சாரமும் வாய்த்த பின்னரே மனிதன் பூமியின் வயிற்றுக்குள் இறங்கத் துணிந்தான் என்று நாம் எண்ணிக்கொள்வது இயல்பு. அவ்வெண்ணத்தை மாற்றும் ஓரிடத்தை இன்று சென்று காண்போம். எழுத்தும் இரும்பும் அறியாத மக்கள், மான்கொம்பைக் கையிலேந்தி நாற்பதடி ஆழம் வரை இறங்கிக் கல் எடுத்த இடம் அது.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்போக் வட்டாரத்தில், தெட்போர்டு என்னும் ஊருக்கு அண்மையில் ஒரு புல்வெளி இருக்கிறது. சுமார் 37 ஹெக்டேர் பரப்பு. அது முழுவதும் வட்ட வட்டமான பள்ளங்கள். எண்ணினால் 400-க்கு மேல் வரும். பிற்காலத்தில் அங்கு குடியேறிய சாக்ஸன் மக்கள் இப்பள்ளங்களைக் கண்டு வியந்து, இவை மனிதர் செயலாகா என்று கருதித் தங்கள் தெய்வமாகிய ‘கிரிம்’ மீது ஏற்றிச் சொன்னார்கள். ‘கிரைம்ஸ் கிரேவ்ஸ்’ என்பது இன்றைய பெயர். பெயரில் ‘கிரேவ்ஸ்’ என்றிருப்பினும் அது கல்லறையைக் குறிப்பதன்று. தோண்டிய குழிகள் என்பதே அதன் பொருள்.

உண்மை வெளிப்பட்டது 1870-ஆம் ஆண்டை ஒட்டி. வில்லியம் கிரீன்வெல் என்னும் பாதிரியார் 1868-இல் ஒரு பள்ளத்தைத் தேர்ந்து தோண்டத் தொடங்கினார். ஆண்டாண்டாக வேலை நடந்தது. சுமார் 12 மீட்டர் ஆழத்தில் அடித்தளம் தெரிந்தது. அங்கிருந்து நாற்புறமும் குகைவழிகள் பிரிந்து சென்றன. பள்ளங்கள் அத்தனையும் தூர்ந்துபோன சுரங்க வாய்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. கரிமக் கணிப்பு முறை பின்னர் காலத்தையும் காட்டிற்று: பெரும்பாலான வேலை ஏறத்தாழ கி.மு. 2600-க்கும் 2300-க்கும் இடையே நடந்தது.

காண வருவோருக்காக ஒரு குழி திறந்துவைக்கப்பட்டுள்ளது. 1914-இல் அகழப்பட்டது, ஆழம் சுமார் 9 மீட்டர். நாமும் அதனுள் இறங்குவோம். மேலே மணல் கலந்த மண். அதற்குக் கீழே வெள்ளைவெளேரென்ற சுண்ணப்பாறை. அப்பாறையினூடே கரிய கோடுபோல் சிக்கிமுக்கிக் கல் அடுக்கடுக்காக ஓடுகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் அடியில் படிந்த பாறை அது. கடற்பஞ்சு முதலிய உயிர்களின் உடலிலிருந்த சிலிக்கா உறைந்து அக்கல்லாயிற்று.

முதல் அடுக்கைக் கடந்து இறங்குகிறோம், இரண்டாவதையும் கடக்கிறோம். அடித்தளத்தில் காண்பது மூன்றாவது அடுக்கு. இதுவே அவர்கள் தேடிய செல்வம். கருமையும் வழவழப்பும் மிக்க இக்கல், பெரிய பாளங்களாகக் கிடைப்பது. தட்டினால் கண்ணாடிபோல் கூரிய விளிம்புடன் பிளப்பது. குழியின் அடியிலிருந்து குகைவழிகள் இக்கல்லைத் தொடர்ந்தே செல்கின்றன. பல வழிகளில் நிமிர்ந்து உட்காரவும் இடமில்லை. படுத்தும் ஒருக்களித்தும்தான் வேலை செய்திருக்க வேண்டும்.

அவர்களுடைய குந்தாலி, செம்மானின் கொம்பு. மான்கள் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்புகளே பெரும்பாலும் பயன்பட்டன. கொம்பின் நுனியைப் பாறை வெடிப்பில் செலுத்தி நெம்பிப் பெயர்த்தார்கள். பெரிய குழியொன்றைத் தோண்ட ஏறத்தாழ 2000 டன் பாறையை அகற்ற வேண்டும் என்றும், ஒரு குழியிலிருந்து 60 டன் வரை கல் கிடைத்திருக்கலாம் என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். புதுக் குழியின் கழிவைக் கொண்டு பழைய குழியைத் தூர்த்தார்கள். வெட்டிய பாறையைத் தூரத்துக்குச் சுமக்கும் வேலை அதனால் மிச்சமாயிற்று. வெளிச்சத்திற்கு வெண்பாறையே ஓரளவு துணை செய்தது. மேலிருந்து விழும் பகலொளியை அது உள்ளே திருப்பி அனுப்பும்.

கிரீன்வெல் கண்டவற்றுள் நம் உள்ளத்தை மிகவும் தொடுவது ஒன்று. குகைவழி ஒன்றின் கூரை இடிந்து அடைபட்டிருந்தது. இடிபாட்டை நீக்கியபோது, வேலையாட்கள் கீழே வைத்துச் சென்ற இரண்டு கொம்புக் குந்தாலிகள் வைத்தபடியே கிடந்தன. அவற்றின்மேல் சுண்ணப்பொடி படிந்திருந்தது. அப்பொடியில், பிடித்த கையின் சுவடு பதிந்திருந்தது! அன்றைய வேலை முடிந்து அவர்கள் மேலே ஏறினர். மறுபடி வருவதற்குள் கூரை விழுந்தது. நான்காயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் வந்து அக்கருவிகளை எடுத்தார். மன்னர்தம் பெயரைக் கல்வெட்டுக்கள் காக்கின்றன. பெயரற்ற அத்தொழிலாளியின் கையைச் சுண்ணப்பொடி காத்தது.

இவ்வளவு பாடு எதற்காக? சிக்கிமுக்கிக் கல் நிலப்பரப்பிலும் கிடைத்ததே, மேலிரண்டு அடுக்குகளும் கைக்கெட்டினவே என்று நாம் கேட்கலாம். தரம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தரம் ஒன்றே போதிய விடையாகாது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆழத்திலிருந்து, உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்த கல்லுக்குத் தனி மதிப்பு இருந்திருக்கும்; அதனாற் செய்த பொருளை உடையவருக்கும் பெருமை சேர்ந்திருக்கும். பூமிக்குள் இறங்கும் செயலே அவர்களுக்கு ஒரு புனிதச் சடங்காகவும் இருந்திருக்கலாம்.

இதே நூற்றாண்டுகளில் நம் துணைக்கண்டம் எந்நிலையில் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். சிந்துவெளி நகரங்கள் செழித்த காலம் அது. அந்நகரத்தார் சிந்துவிலுள்ள ரோரிக் குன்றுகளில் வெட்டியெடுத்த ‘செர்ட்’ என்னும் கல்லால் கத்தியலகுகள் செய்தனர். அது சிக்கிமுக்கிக் கல்லின் இனமே. செம்பும் வெண்கலமும் அறிந்த நகரமும் கல்லைக் கைவிட்டுவிடவில்லை. இத்துறை ஆராய்ச்சியிலும் நமக்குப் பங்குண்டு. கிரீன்வெல் மண்வெட்டி எடுப்பதற்கு ஐந்தாண்டு முன்பே, 1863 மே 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வுக்கு அதுவே தொடக்கம். அக்கருவி இச்சுரங்கங்களினும் மிகமிகத் தொன்மையானது.

கற்கால மனிதன் என்றால் அறிவில் குறைந்தவன் என்பது நம்மிடையே வழங்கும் எண்ணம். இக்குழிகள் அதை மறுக்கின்றன. எந்த அடுக்கில் நல்ல கல் உண்டு என அறிந்தவன், பாறையை எவ்வளவு தூணாக விட்டால் கூரை தாங்கும் எனக் கணித்தவன், பலரை ஒருங்கு சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவன் அவன். அவர்கள் நிலையாக அருகிலேயே குடியிருந்தார்கள் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. பருவந்தோறும் வேற்றிடங்களிலிருந்து வந்து உழைத்துத் திரும்பியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. தொழிலின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது. அவர்கள் எம்மொழி பேசினர் என்பதை நாம் அறியோம். அவர்கள் உழைப்பின் அடையாளம் மட்டும் பாறையில் இருக்கிறது.