மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஒரு காற்றாலை: மதுரை, 1973

காற்றாலை என்றதும் நமக்கு முப்பந்தல் பக்கம் வரிசையாக நிற்கும் வெள்ளை ராட்சதர்கள்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே வந்தது. அதற்குப் பதிமூன்று வருஷம் முன்பே, மதுரைப் பக்கம் ஒரு விவசாயக் கிணற்றுக்குக் காற்றாலை செய்தார் மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர். நியூ ஆல்கெமி இன்ஸ்டிட்யூட் என்று 1969-ல் அமெரிக்காவில் ஒரு குழு தொடங்கியது. சின்ன அளவில், இயற்கையோடு ஒத்துப்போகிற கருவிகளைச் செய்து பார்த்தவர்கள். அவர்களோடு சேர்ந்தவர் இவர்.

பொருள் பட்டியலைப் பாருங்க. ஒரு மாட்டுவண்டிச் சக்கரம், பழைய கார் ஆக்ஸில், மூங்கில், துணி, கோபுரத்துக்கு மரக்கம்பங்கள், சக்தியைக் கீழே கொண்டுவரச் செயின். இதில் எனக்குப் பிடித்தது சக்கரம். ஆரக்கால்களையும் குடத்தையும் வட்டையையும் பிசிறில்லாமல் பொருத்த நம் தச்சர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். காற்றாலையில் கஷ்டமான வேலையே நடுவிலிருக்கும் அந்தப் பிடிமானம்தான். அது ரெடிமேடாகக் கிடைத்துவிட்டது! சக்கரத்தோடு மூங்கிலைக் கட்டி, அதில் துணியை விரித்தால் இறக்கை தயார். கிரேக்கத்தின் கிரீட் தீவிலும் துணிப் பாய் கட்டிய காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் வயலுக்குத் தண்ணீர் இறைத்திருக்கின்றன.

இதில் எவ்வளவு தண்ணீர் வரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 மீட்டர் விட்டமுள்ள இறக்கை வட்டம், வினாடிக்கு 4 மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் வழியே போகும் காற்றில் சுமார் 750 வாட், அதாவது 1 குதிரைத்திறன் இருக்கிறது. எந்த இறக்கையாலும் அதில் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. துணி, செயின், பம்பு எல்லாவற்றிலும் போகிற இழப்பைக் கழித்து, பத்தில் ஒரு பங்கு என்றே வைப்போம். 75 வாட். 6 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து மணிக்கு 4,500 லிட்டர். மாடும் வேண்டாம், கவலை ஓட்ட ஆளும் வேண்டாம்.

ஆள் வேண்டாம் என்று சொன்னதில்தான் சிக்கல். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறும். 4 மீட்டர் காற்று புயலில் 24 மீட்டர் ஆனால் சக்தி ஆறு மடங்கு இல்லை, 216 மடங்கு. அதற்குள் யாராவது போய்ப் பாயைச் சுருட்டியாக வேண்டும். நெசவு ஊர்க்காரன் என்பதால் எனக்குத் துணி மேலேயே கண். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் துணி நைந்துபோகும், மாற்றிக்கொண்டே இருக்கணும். எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது இல்லையா? ஏரியை வெட்டியதோடு விடாமல், அதைப் பார்த்துக்கொள்ள ஆளையும் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். துணிக் காற்றாலைக்கு அப்படி ஒரு ஏற்பாடு அமையவில்லை என்பது என் எண்ணம்.

போட்டிக்கு நின்றதோ மின்மோட்டார். சுவிட்சைத் தட்டினால் போதும். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ஓசி மின்சாரத்தோடு எந்தக் காற்றாலை மோதும்? விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மோட்டார்தான்.

இன்று இதைக் காஞ்சிபுரத்தில் செய்து பார்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மூங்கிலுக்கும் துணிக்கும் பஞ்சமில்லை. ஆனால் இப்போது தண்ணீர் 6 மீட்டரிலா இருக்கிறது? 200 அடி போர்வெல், அதாவது 60 மீட்டர் என்று வைத்தால், அதே காற்று, அதே 75 வாட், மணிக்கு 450 லிட்டர்தான் தரும். ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகூட நிறையாது.