கர்ணனின் கவசமும் படச்சுருளின் ஆயுளும்

பிறக்கும்போதே உடம்போடு ஒட்டிய கவசம். காதிலே குண்டலம். அவை இருக்கும்வரை எந்த அம்பும் அவனைத் துளைக்காது. அமெரிக்கச் சிறுவர்களுக்கு 1938-ல் சித்திரக்கதை வழியாகச் சூப்பர்மேன் அறிமுகமானான். நம்மூர்ச் சிறுவர்களுக்கோ இத்தகைய அசகாய சூரர்கள் புதியவர்கள் அல்லர். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் ‘கர்ண மோட்சம்’ கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கர்ணன் 1964-ஆம் ஆண்டுப் பொங்கலன்று ஈஸ்ட்மன் வண்ணத்தில் திரைக்கு வந்தான். படத்தை இயக்கியவர் பி.ஆர். பந்துலு. கர்ணனாக நடித்தவர் வி.சி. கணேசன். நாம் சிவாஜி கணேசன் என்று அறிந்தவர்தான். அவர் பெயரின் முன்னாலுள்ள ‘வி’ அவர் பிறந்த விழுப்புரத்தைக் குறிப்பது. 48 ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச் மாதம், செப்பனிடப்பட்ட ‘கர்ணன்’ மறுபடியும் திரையரங்குகளுக்கு வந்து சென்னையில் நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. இன்று நீங்கள் வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தபடியே அதைப் பார்க்கலாம்.

ஆனால் 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதா’ஸை உங்களால் பார்க்க முடியாது, வேறு எவராலும் முடியாது. அதன் பிரதி ஒன்றுகூட எஞ்சவில்லை. இரண்டுமே மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த படங்கள்தாம். ஒன்று பிழைத்தது, ஒன்று மாண்டது. இதற்குக் காரணம் என்ன?

முதலில் ஒரு படம் எப்படி ஊர் ஊராகப் போயிற்று என்று பார்ப்போம். திரைப்பட வியாபாரத்தில் தமிழ்நாட்டைப் பல ஏரியாக்களாகப் பிரித்திருந்தார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது ஓர் ஏரியா. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அதை ‘என்.எஸ்.சி.’ என்பார்கள். திண்டிவனமும் விழுப்புரமும் இதில் அடங்கியவை. புதுப்படம் முதலில் பெரிய ஊர்களில் ஓடும். பிறகு அதே படப்பெட்டி அடுத்த நிலை ஊர்களுக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ வரும். கடைசியாக, செஞ்சிப் பக்கமும் மயிலம் பக்கமும் உள்ள கிராமங்களின் டூரிங் கொட்டகைகளுக்குப் போய்ச் சேரும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது எவ்வளவு தெரியுமா? 35 மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. மூன்று மணி நேரப் படம் என்றால் 16,200 அடி, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். இத்தகைய எட்டுப் படங்களின் சுருள்களை அவிழ்த்து நீட்டினால் திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரத்தைத் தொட்டுவிடலாம்! சட்டங்களின் எண்ணிக்கையோ 2,59,200. இவை ஒவ்வொன்றையும் இயந்திரத்தின் பற்கள் ஓரத்துளையில் மாட்டி இழுத்து, ஒரு கணம் விளக்கின் முன் நிறுத்தி, விடுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று காட்சி என்றால் மூன்று முறை இந்த இழுபறி. தூசி படியும், கீறல் விழும், ஓரத்துளை கிழியும். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டுவார்கள். இரண்டொரு சட்டம் காணாமற் போகும். படம் கிராமத்துக் கொட்டகைக்கு வரும்போது திரையில் எந்நேரமும் ‘மழை’ பெய்துகொண்டிருக்கும். மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த மழையைப் பொருட்படுத்தியதில்லை.

ஆக, மக்கள் விரும்பிப் பார்க்கப் பார்க்கப் பிரதி தேய்கிறது. பிரதி தேய்ந்தால் வேறொன்று அச்சடித்துக் கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அச்சடிக்க மூலம் வேண்டும். படப்பிடிப்புக் கருவிக்குள் ஓடிய சுருள்தான் மூலம். அதை நெகடிவ் என்கிறோம். மேல்நாட்டு முறைப்படி நெகடிவிலிருந்து ஓர் இடைநிலைப் படியெடுத்து, அதிலிருந்தே பிரதிகள் அடிக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம். ஆகவே நம் நாட்டில் பல படங்களுக்கு மூல நெகடிவையே மீண்டும் மீண்டும் அச்சு இயந்திரத்தில் ஓட்டினார்கள். விளைவு, ஒரு படம் எவ்வளவுக்கெவ்வளவு வெற்றி பெற்றதோ அவ்வளவுக்கவ்வளவு அதன் மூலமும் தேய்ந்தது.

தேய்மானத்தை விடுங்கள். சும்மா பெட்டியில் கிடந்தாலும் படச்சுருள் சாகும். 1950 வரையிலான சுருள்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவான பொருள் இது. தீப்பிடித்தால், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும். தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. புனே நகரில் 2003 ஜனவரி 8-ஆம் நாள் நடந்த தீ விபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் அழிந்தன. தீக்குத் தப்பிய பழஞ்சுருள்களில் பல, அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டுவிட்டன.

இந்த ஆபத்தைத் தவிர்க்க 1948-ல் செல்லுலோஸ் ட்ரை-அசெட்டேட் என்ற புதுப் பொருளில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் சுருள் தயாரித்தது. இது எளிதில் தீப்பற்றாது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு புகார் வந்தது. சுருள் சுருங்குகிறது, நெளிகிறது, புளித்த நாற்றம் வீசுகிறது என்று. முதற்புகாரை அனுப்பியது எந்த நாடு தெரியுமா? நமது இந்திய அரசுதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசெட்டேட் சிதைந்து அசெட்டிக் அமிலத்தை, அதாவது நம் சமையலறை வினிகரின் புளிப்பை, வெளிவிடுகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. ஒரு பெட்டியில் தொடங்கினால் பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். 21 பாகை செல்சியஸ் வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில்கூடப் புதுச்சுருள் நாற்பது ஆண்டுக்குள் புளிக்கத் தொடங்கும் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். விழுப்புரத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்கள் மீதிக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

வண்ணமும் நிலையில்லை. ஈஸ்ட்மன் வண்ணச் சுருளில் மஞ்சள், மயில்நீலம், கருஞ்சிவப்பு என மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அக்காலப் பிரதிகளில் நீலச்சாயம்தான் விரைவில் வெளிறும். நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பு. பழைய பிரதிகளில் வானமும் வயலும் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிவது இதனால்தான். டெக்னிகலர் முறை வேறு. அதில் சாயத்தைத் துணிக்கு அச்சுக் குத்துவதுபோலச் சுருளில் பதிப்பார்கள். அது எளிதில் வெளிறுவதில்லை. அதே பந்துலு 1959-ல் எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ டெக்னிகலரில் வெளிவந்த முதல் தமிழ்ப்படம். அந்த வேலைக்காக அது லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது.

இத்தனை பகைகளுக்கும் தப்பிய படம் ஒன்றின் கதை விசித்திரமானது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து 1933-ல் திருவனந்தபுரத்தில் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’ ஒரு மௌனப்படம். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்ததால் படம் நிறுத்தப்பட்டது. பிரதி அந்தப் புத்தகக் கடைக்கே போய்ச் சேர்ந்து அங்கேயே கிடந்தது. 1974-ல் புனே காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். அவற்றில் முழுமையாகப் பிழைத்தது ஓட்டப்படாமல் முடங்கிய இந்த ஒரே படம்தான்! தடை வராமல் வெற்றிகரமாக ஓடியிருந்தால் இதுவும் தேய்ந்து மறைந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்கச் சூரனுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் மூலத்தின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். 1977-ல் இயக்குநர் ரிச்சர்ட் டானர் சூப்பர்மேன் படத்தின் இரண்டு பாகங்களையும் இங்கிலாந்தில் ஒருசேரப் படம்பிடிக்கத் தொடங்கினார். முதற்பாகம் 1978-ல் வந்து உலகெங்கும் வெற்றி பெற்றது. ஆனால் தயாரிப்பாளர்களோடு பிணக்கு. இரண்டாம் பாகத்தை முடிக்குமுன் டானர் நீக்கப்பட்டார். ரிச்சர்ட் லெஸ்டர் பல காட்சிகளைப் புதிதாக எடுத்து 1980-ல் படத்தை முடித்தார். சூப்பர்மேனின் தந்தையாக மார்லன் பிராண்டோ நடித்த காட்சிகள் அதிலிருந்து நீக்கப்பட்டன. ரசிகர்கள் இதை மறக்கவில்லை. டானர் எடுத்தது எங்கே என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நல்ல வேளையாக வேண்டாம் என்று ஒதுக்கிய நெகடிவ்களை ஸ்டூடியோ எறிந்துவிடவில்லை. அவற்றைத் தேடியெடுத்துத் தொகுத்து, 2006 நவம்பரில், வீட்டில் பார்ப்பதற்கென்றே டி.வி.டி.யாக வெளியிட்டார்கள். டானர் படமாக்காமல் விட்டிருந்த ஒரு முக்கியக் காட்சிக்கு, கதாநாயகனையும் நாயகியையும் தேர்ந்தெடுக்க எடுத்த சோதனைப் படத்தையே பயன்படுத்திக் கொண்டார்கள். கூந்தலும் ஒப்பனையும் முன்பின் பொருந்தாது. ஆனாலும் கதை நிறைவு பெற்றது. சோதனைச் சுருளைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்த பழக்கம் எவ்வளவு பயன்பட்டது பாருங்கள்.

கர்ணனுக்கு வருவோம். திவ்யா பிலிம்ஸ் நிறுவனம் அதைக் கையில் எடுத்தபோது சுருள் பழுதுபட்டிருந்தது. இத்தகைய வேலை எப்படி நடக்கிறது? சுருளைக் கழுவி, கிழிந்த துளைகளை ஒட்டி, ஒவ்வொரு சட்டத்தையும் ஸ்கேனர் கருவியால் எண்களாக மாற்றுகிறார்கள். சட்டம் ஒன்றை நாலாயிரம் புள்ளி அகலத்துக்குப் பதிவு செய்தால் ஏறத்தாழ 50 மெகாபைட் இடம் பிடிக்கும். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சட்டங்களுக்கு 13 டெராபைட்! பிறகு கணிப்பொறி வேலை செய்கிறது. தூசி ஒரு சட்டத்தில் மட்டுமே இருக்கும். முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் ஒப்பிட்டு அந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கணிப்பொறி ஊகித்துவிடும். நீளக் கீறல் அப்படியல்ல. நூற்றுக்கணக்கான சட்டங்களில் ஒரே இடத்தில் ஓடுவதால் ஒப்பிட நல்ல சட்டம் கிடைக்காது. மனிதர்தான் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

ஒலியும் சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதிந்திருக்கிறது. விளக்கொளி அதன் வழியே புகுந்து ஒளி மின்கலத்தில் விழும்போது கூடிக் குறையும் மின்னோட்டமே வசனமாகிறது, பாட்டாகிறது. தூசி விழுந்தால் அதுவும் கரகர என்று ‘பேசும்’. இதையெல்லாம் வடிகட்டி, இன்றைய அரங்குகளின் பல்தட ஒலிக்கு ஏற்றாற்போல் கர்ணனின் ஒலியை மாற்றியமைத்தார்கள். சிவாஜி 2001-ல் மறைந்துவிட்டார். தம் பழைய குரல் புதிய அரங்குகளில் முழங்கியதைக் கேட்க அவர் இல்லை.

வீட்டுக்கு வந்த வழியும் ஒரு தனி வரலாறு. 1980-களில் கலியாண வீடுகளிலும் பண்டிகை நாட்களிலும் டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து இரவு முழுவதும் மூன்று படம் பார்த்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வி.எச்.எஸ். நாடா குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகளையே பிரித்துக் காட்டும். அதன் பின் வந்த வி.சி.டி.யின் படம் அகலத்தில் 352 புள்ளி. டி.வி.டி.யில் 720. மூலச் சுருளில் உள்ளதோ பல ஆயிரம். அதாவது, ‘கர்ணன்’ என்று நாம் வீட்டில் பார்த்தது பல ஆண்டுகளாக அதன் நிழலின் நிழல்தான். அந்த நாடாக்களை அடித்தவர்களும் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த தேய்ந்த பிரதியிலிருந்தே அடித்தார்கள். மழையும் நாடாவில் ஏறிற்று.

இப்போது ஒரு சோதனை. பழைய தமிழ்ப்படம் ஒன்றை உங்கள் வீட்டு அகலமான தொலைக்காட்சியில் போடுங்கள். 1950-களின் பெரும்பாலான படங்களின் சட்டம், உயரம் 1 என்றால் அகலம் 1.37. உங்கள் தொலைக்காட்சிக்கு அது 1.78. ஆகவே இருபக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் படம் முழுமையாக இருக்கிறது என்று பொருள். பட்டை இல்லாமல் திரை நிறைந்திருந்தால், ஒன்று ஆட்கள் குண்டாக இழுக்கப்பட்டிருக்கிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டப்பட்டு நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விட்டது. மகுடத்தின் நுனியும் நாட்டியக்காரியின் பாதமும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அதே படத்தை சினிமாஸ்கோப் அகலத்துக்கு மாற்றியிருந்தால் ஐந்தில் இரண்டு பங்கு வெட்டுப்படும். புதுப்பித்தல் என்ற பெயரில் இப்படிக் கத்தரிப்பதை நான் ஏற்கவில்லை. ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த சட்டம் அது. வியாபாரத்துக்காக ஒரு வடிவம் செய்வதானாலும், வெட்டாத வடிவமும் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்கு ஓர் இடம் இந்தியாவில் அமைந்தது 1964 பிப்ரவரியில். புனே காப்பகம் அப்போதுதான் தொடங்கிற்று, ‘கர்ணன்’ வெளியாகி ஒரு மாதத்துக்குள். அதைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் ஊர் ஊராகப் போய்க் கொட்டகைகளிலும் கிடங்குகளிலும் சுருள் தேடியவர்.

டூரிங் கொட்டகைகள் மறைந்துவிட்டன. ஆனால் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பழைய திரையரங்குக் கிடங்கிலும், விநியோகத் தொழில் செய்த குடும்பத்தாரின் பரணிலும் துருப்பிடித்த தகரப் பெட்டி இன்னும் இருக்கக்கூடும். உங்கள் கண்ணில் பட்டால் அவசரப்பட்டு இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். மெல்லத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாடை அடித்தால் அந்தப் பெட்டியை மற்றப் பெட்டிகளிலிருந்து பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சுருள் பிசுபிசுத்துப் பழுப்புத்தூளாக உதிர்ந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். அடுப்பும் பீடியும் அருகே வரக் கூடாது. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் படத்தின் பெயரும் ரீல் எண்ணும் இருந்தால் அப்படியே குறித்துக்கொண்டு புனேக்கு எழுதுங்கள்.