பதிவேட்டில் பெயரில்லாத பாட்டி

குரோய்டனில் வசிக்கும் என் பெரம்பூர்த் தோழி ஆங்கிலோ-இந்தியர். மகன் வாங்கித் தந்த டிஎன்ஏ சோதனைக் குழாயில் துப்பி அனுப்பினாள். தென்னிந்தியக் கலப்பு உண்டு என்று பதில் வந்தது. "இதைச் சொல்றதுக்கா இவ்வளவு காசு? கண்ணாடியே சொல்லுமேடி" என்றாள்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் அங்கே இருக்கின்றன. ஆண்களைத் தேடுபவர்களுக்கு அது புதையல்: படைப்பிரிவு, பதவி எல்லாம் கிடைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் வெள்ளைக்காரனோடு வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்கோ ஞானஸ்நானப் பெயர் மிஞ்சினாலே அதிர்ஷ்டம். பல இடங்களில் 'சுதேசிப் பெண்' என்பதோடு சரி. அவள் யார் மகள், எந்த ஊர் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை.

பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கும் இப்படி ஒரு பாட்டி உண்டு. சூரத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் தியோடர் ஃபோர்ப்ஸுக்கும் எலைசா கெவார்க்குக்கும் 1812இல் காதரின் பிறந்தாள். குழந்தையை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் இந்தியாவிலேயே தங்கிவிட்டாள். ஃபோர்ப்ஸ் 1820இல் ஊர் திரும்பும் வழியில் கப்பலில் இறந்தார். தன் பிள்ளைகளைப் பெற்றவளை உயிலில் வீட்டுப் பணிப்பெண் என்றுதான் குறித்திருந்தார். எலைசா ஆர்மீனியப் பெண் என்பது குடும்பத்தில் வழங்கிய பேச்சு. அவள் கடிதங்களில் ஆர்மீனிய எழுத்தும் இருந்தது.

தாய்வழியில் மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை, காதரினின் வழிவந்த வில்லியம் இளவரசரின், அதே தாய்வழியைச் சேர்ந்த தூரத்து உறவினர் இருவரின் உமிழ்நீரில் சோதித்தார்கள். ஆர்30பி என்ற வகை வந்தது; அநேகமாகத் தெற்காசியாவில் மட்டுமே காணப்படுவது. எலைசாவின் தகப்பன் ஆர்மீனியனாக இருக்கலாம், தாய்வழி இந்தியா. 2013 ஜூனில் செய்தி வெளியானது. உயிரோடிருப்பவரின் மரபணுவை உறவினர் எச்சிலை வைத்துப் பத்திரிகையில் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அந்த எச்சில் பேசியதற்குக் காரணம் காகிதம்தான். காதரினிலிருந்து வில்லியமின் தாய் டயானா வரை அம்மா, மகள் என்று ஒரு கண்ணிகூட அறாமல் பதிவுகள் இருந்தன. அவை இல்லாவிட்டால் அதே சோதனை 'எங்கோ ஓர் இந்தியப் பாட்டி' என்பதோடு நின்றிருக்கும்.

ஆகவே, சோதனைக்குப் பணம் கட்டுமுன் வீட்டிலேயே மூத்த பெண்மணியிடம் உட்காருங்கள். அவருடைய அம்மா, அந்த அம்மாவின் அம்மா என்று பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சோதனையை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம்.