தமிழ் – கொரிய மொழித் தொடர்பு: ஒப்பிலக்கணம் முதல் மொழிப் பரிமாற்றம் வரை

மொழிப் பரிமாற்றம் என்பது வெவ்வேறு மொழி பேசும் இருவர் தத்தம் தாய்மொழியை ஒருவருக்கொருவர் பேசிப் பழக்கும் முறை. தமிழரும் கொரியரும் இவ்வாறு பேசத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் வருவது 'அம்மா', 'அப்பா' என்னும் சொற்களே. கொரிய மொழியில் தாயை 'ஒம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைப்பர். இவ்வொற்றுமை இரு மொழிகளும் ஒரே குடும்பத்தவை என்பதற்குச் சான்றாகுமா என்பது பழைய கேள்வி.

ஒப்பிலக்கண முயற்சிகள்

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. கொரியாவில் பணிபுரிந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உள்ள ஒப்புமையை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தனர். 1886இல் ஆசிரியராகக் கொரியா சென்ற அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், இரண்டையும் ஒப்பிட்டு 1905இல் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார்.

மொழிகளை ஒரே குடும்பம் என நிறுவ, ஒலிகள் ஒழுங்கான முறையில் மாறியிருப்பதைப் பல சொற்களில் காட்ட வேண்டும். இங்கு அது நிறுவப்படவில்லை. குழந்தையின் வாயில் எளிதாக வரும் தாய், தந்தைச் சொற்கள் தொடர்பில்லாத மொழிகளிலும் ஒத்திருக்கும். எனவே இவ்வுறவை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

இளவரசி கதை

13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சம்குக் யூசா', கி.பி. 48இல் 'அயுதா' நாட்டு இளவரசி கடல்வழி வந்து கயா நாட்டு மன்னர் சுரோவை மணந்ததாகக் கூறுகிறது. அயுதாவை அயோத்தி எனப் பலரும், தமிழகக் கடற்கரை எனச் சிலரும் கொள்கின்றனர். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 1,200 ஆண்டு இடைவெளி இருப்பதால், இக்கதை மொழியுறவுக்குச் சான்றாகாது.

தமிழகத்தில் கொரியர்

நேரடித் தொடர்பு வளர்ந்தது தொழிற்சாலை வழியாகத்தான். ஹூண்டாய் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு 1996இல் தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதன் ஆலை அமைந்தது. 1998இல் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. கொரியக் குடும்பங்கள் சென்னைப் பகுதியில் குடியேறின. 2006இல் சென்னையில் தொடங்கப்பட்ட இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகளையும் கலை நிகழ்ச்சிகளையும் நடத்துகிறது. கொரியத் தொடர்களும் பாடல்களும் இணையத்தில் பரவியபின், வகுப்பு இல்லாத ஊர்களுக்கும் ஆர்வம் சென்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலத்தில் இருக்கும் மாணவரும் இன்று கைபேசி வழியே சியோலில் இருப்பவருடன் பேசிப் பழகலாம்.

உரையாடல் கற்றுத்தருபவை

குடும்ப உறவு இல்லாவிட்டாலும் அமைப்பு ஒற்றுமை உண்மையானது. கற்பவருக்கு உதவுவதும் அதுவே. 'நானுன் பாபுல் மொங்னுன்தா' என்பதை 'நான் சோற்றை உண்கிறேன்' எனச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் தமிழாக்கலாம். 'பாப்' என்பது சோறு. 'உல்' என்பது நம் 'ஐ' உருபு போன்றது. ஆனால் கொரிய வினை 'உண்கிறேன், உண்கிறாய்' எனத் தன்மை, முன்னிலைக்கு ஏற்ப மாறுவதில்லை.

தமிழ்க் ககரம் 'கடல்' என்பதில் வன்மையாகவும் 'அகம்' என்பதில் மென்மையாகவும் ஒலிக்கிறது. கொரிய மொழியிலும் இதற்கு நிகரான எழுத்து சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் உயிர்களுக்கு இடையே வேறுவிதமாகவும் ஒலிக்கும். அதனுடன் மூச்சுடன் ஒலிப்பதற்கும் அழுத்தி ஒலிப்பதற்கும் தனி எழுத்துகள் உண்டு. தமிழர் தடுமாறும் இடம் இதுதான்.

பண்பாடும் இலக்கணத்தில் தெரிகிறது. 'சாப்பிட்டீங்களா?' என நலம் விசாரிப்பது இரு நாட்டிலும் உண்டு. உறவினர் அல்லாத மூத்தவரையும் முறை சொல்லி அழைப்பதும் பொது. ஆனால் தமிழில் 'அக்கா' என்ற ஒரே சொல் போதும். கொரியாவில் பெண் 'ஒன்னி' என்றும் ஆண் 'நூனா' என்றும் அழைக்க வேண்டும். கொரியர் முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பது, எந்த மரியாதை வடிவில் பேசுவது என்று முடிவுசெய்யவே.

'உங்கள் மொழி எங்கள் மொழியிலிருந்து வந்தது' என்று தொடங்கும் பேச்சில் இவை எதுவும் வெளிவருவதில்லை. ஒற்றுமையை உரிமையாக்காமல் கேட்பவருக்கே, வேறுபாடுகளோடு சேர்த்து மொழியும் வசப்படுகிறது.