விலை குறைய நாள் குறித்த கடை



மலருக்குக் கட்டுரை கேட்டபோது தலைவி அக்கா, "உன் தையல் அனுபவத்தை எழுதும்மா" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் அந்த நைட்டி மூட்டைதான் கண்முன்னால் வந்து நின்றது. அதனால் அந்த மூட்டையின் கதையோடு, நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கோடைத் துணி விற்ற ஒரு கடையின் வரலாற்றையும் சேர்த்து எழுதுகிறேன். அந்தக் கடைக்கும் நம்ம சங்கத்துக்கும் ஒரு உறவு இருக்கிறது. அது என்ன உறவு என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மூட்டைக் கதை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் தைக்கத் தெரிந்த 6 பேர் சேர்ந்து, மாசி மாதம் சங்கத்தில் 30,000 ரூபாய் கடன் எடுத்தோம். ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய் 300 நைட்டிக்குப் பருத்தித் துணி வாங்கினோம். ஒரு நைட்டிக்குத் துணி 100 ரூபாய். நூல், லேஸ், பட்டன் 15 ரூபாய், இது கைக்காசு. தையல் கூலி 35 என்று வைத்தோம். ஆக அடக்கம் 150, விற்கும் விலை 220. டவுனில் ஒரு கடைக்காரர், "போட்டுட்டுப் போங்க, வித்ததும் பணம் தர்றேன்" என்றார். சித்திரையில் நன்றாகத்தான் போச்சு. ஆனி பிறந்ததும் கூப்பிட்டு, "சீசன் முடிஞ்சுதும்மா" என்று 110 நைட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு எங்களுக்குள் பெரிய பேச்சு நடந்தது. நான், "விலையைக் குறைச்சு வீடு வீடா கொண்டு போய் வித்துடலாம்" என்றேன். எங்களில் மூத்த அக்கா ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம கூலிய நாமளே குறைச்சுக்கிறதா? அடுத்த கோடைக்கு இதே விலைக்குப் போகும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லோரும் சரி என்றோம். மூட்டை பரணுக்குப் போனது. ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி பாதித் துணியில் கறை. அடுத்த சித்திரையில் அந்த டிசைனே பழசாகிப் போச்சு. கடைசியில் ஒன்று 60 ரூபாய் என்று தள்ளிவிட்டோம். 16,500 ரூபாய் அடக்கமான சரக்குக்கு 6,600தான் வந்தது. 9,900 நஷ்டம். தவணை மட்டும் நிற்கவில்லை. இரண்டு பேர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். பணத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

என் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். ஒருநாள், "அம்மா, உங்க நைட்டிப் பிரச்சனை பாஸ்டன்லயும் இருந்திருக்கு" என்று ஒரு புத்தகத்தைக் காட்டினாள். அவளை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இனி வருவது.

பாஸ்டன், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஊர். பனி கொட்டுகிற ஊர். நமக்கு மாசி கடைசியிலேயே வெயில் ஏறிவிடும். அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்றே மாதம்தான் கோடை. அந்த மூன்று மாதத்துக்கென்று தனி உடுப்பு. 1900க்குப் பிந்தைய வருஷங்களில் பெண்களுக்குக் கோடை என்றால் வெள்ளைதான். லேஸ் வைத்த மெல்லிய பருத்திக் கவுன், ஆண்கள் சட்டை போலக் காலர் வைத்துத் தைத்த 'ஷர்ட்வெய்ஸ்ட்' என்ற மேலுடுப்பு எல்லாம் வெள்ளையில் வரும். அதுவரை வீட்டிலோ தையல்காரியிடமோ தைத்துப் போட்டவர்கள், அப்போதுதான் ரெடிமேடு வாங்கப் பழகினார்கள். பெரிய நகரங்களில் மாடி மாடியாகக் கட்டிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு தொங்கும். பேரம் கிடையாது.

சீசன் போய்விட்டால் அந்தத் துணிக்கு மதிப்பே இல்லை. இதற்கு ஒரு வேடிக்கையான சம்பவம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அங்கே ஆண்கள் கோடையில் வைக்கோல் தொப்பி போடுவார்கள். செப்டம்பர் 15தான் கடைசித் தேதி. அதற்கப்புறம் போட்டுக்கொண்டு தெருவில் வந்தால் வாலிபப் பையன்கள் பிடுங்கி மிதிப்பார்கள். 1922ல் நியூயார்க்கில் தேதி வருவதற்கு 2 நாள் முன்னாலேயே பிடுங்க ஆரம்பித்து, அது பல நாள் கலவரமாகிப் போலீஸ் வந்து பிடித்துப் போகும் அளவுக்குப் போனது. தொப்பிக்கே இந்தக் கதி என்றால், விற்காத கவுனை வைத்திருக்கும் கடைக்காரர் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

பாஸ்டனில் ஃபைலீன் என்று ஒரு கடை. வில்லியம் ஃபைலீன் என்பவர் பிரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்து தொடங்கியது. அவருக்குப் பிறகு மகன்கள் எட்வர்டும் லிங்கனும் நடத்தினார்கள். மாடியில் நல்ல விலைக்கு விற்கிற புது உடுப்பு. அதில் மிஞ்சினதை என்ன செய்வது? மற்ற கடைகளில் முதலாளிக்குத் தோன்றுகிறபோது தள்ளுபடி போடுவார்கள். எட்வர்ட் ஃபைலீன் 1909ல் கடையின் அடித்தளத்தில் ஒரு புது ஏற்பாடு செய்தார். அங்கே மாடியில் மிஞ்சினது மட்டுமில்லாமல், தைப்பவர்களிடம் தேங்கிய சரக்கையும் மலிவாக வாங்கிப் போட்டார்கள்.

ஒவ்வொரு உடுப்பின் சீட்டிலும் அது விற்பனைக்கு வந்த தேதி இருக்கும். கடை திறந்திருக்கும் நாளை மட்டும் கணக்குப் பார்த்து, 12 நாளில் விற்காவிட்டால் விலையில் கால்வாசி குறையும். 18 நாளில் பாதி. 24 நாளில் முக்கால்வாசி. 30 நாளிலும் விற்காவிட்டால் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். 10 டாலர் கவுன் ஏழரை டாலர் ஆகும், பிறகு 5, பிறகு இரண்டரை, கடைசியில் இனாம். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். தேதியே விலையைக் குறைத்துவிடும்.

வாங்க வந்த பெண்களுக்கு இது ஒரு சோதனை. இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதற்குள் வேறொருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அந்தப் பயத்திலேயே பெரும்பாலான துணி சீக்கிரம் போய்விடும். தர்மத்துக்குப் போனது ரொம்பக் கொஞ்சம்தான். ஆனாலும் முதல் சில வருஷம் அந்த அடித்தளக் கடையில் நஷ்டம்தான். பொறுத்துத்தான் லாபம் பார்த்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பரண் மூட்டை ஞாபகம் வந்தது. ஆனியிலேயே ஒரு தேதி குறித்திருந்தால் இந்தப் பாடு இல்லையே என்று தோன்றியது. ஆனால் மூத்த அக்காவின் கேள்வியும் கூடவே வந்தது. விலை குறைந்தால் யார் கூலி குறையும்?

அந்தக் கேள்விக்கும் அதே காலத்து வரலாற்றில் பதில் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஷர்ட்வெய்ஸ்டில் பெரும்பங்கு நியூயார்க்கில் தைத்தது. தைத்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பத்துப் பெண்கள். சீசனில் ராத்திரி பகல் வேலை, சீசன் போனால் வேலையே இல்லை. 1909 நவம்பரில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. ஆண் தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுத் தையல்காரி எழுந்து, பேசினது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்றார். 20,000 பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். நிறைய இடங்களில் கூலி கூடியது, நேரம் குறைந்தது. ஆனால் டிரையாங்கிள் என்ற தொழிற்சாலை சங்கத்தை ஏற்கவில்லை. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்துப்போனார்கள். அதில் பெரும்பாலோர் சின்ன வயசுப் பெண்கள். அவர்கள் தைத்தது ஷர்ட்வெய்ஸ்ட்தான். அடுத்த வருஷம், 1912ல், மாசசூசெட்ஸ் மாநிலம் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டு வந்தது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல் சட்டம்.

ஆக, கடைக்காரர் விலை குறைத்தால் அவர் லாபம்தான் முதலில் குறையும். அவர் தேங்கின சரக்கை மலிவாக வாங்குபவர், தாங்குவார். நாம் தைத்து நாமே விற்கிறவர்கள். நமக்கு லாபத்தைத் தாண்டிக் குறைந்தால் அடுத்தது கூலிதான். அக்கா பயந்தது அதற்குத்தான். அவர் பயம் சரி. பரணில் போட்டதுதான் தப்பு.

இப்போது நான் சொன்ன உறவுக்கு வருகிறேன். இதே எட்வர்ட் ஃபைலீன், அந்த அடித்தளக் கடையைத் திறப்பதற்கு 2 வருஷம் முன்னால், 1907ல், இந்தியாவுக்கு வந்தார். வங்காளத்தில் கூட்டுறவுச் சங்கங்களைக் கவனித்த கவுர்லே என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைக் கிராமங்களுக்குக் கூட்டிப் போனார். வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்ட விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று, குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்துக் கட்டுவதைப் பார்த்தார். சொத்து இல்லாதவர் வாக்கை நம்பிக் கடன் தரலாம், அது திரும்பியும் வரும் என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது.

அந்தச் சங்கங்களுக்கு வழி போட்டதில் நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் படித்து, சென்னை மாகாணத்து அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். 1904ல் இந்தியா முழுமைக்கும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகள் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் பதிவாகின.

ஊர் திரும்பிய ஃபைலீன் சும்மா இருக்கவில்லை. கனடாவில் இப்படிச் சங்கம் தொடங்கியிருந்த டெஜார்டின் என்பவரும் வந்து உதவ, 1909ல் மாசசூசெட்ஸில் 'கிரெடிட் யூனியன்' சட்டம் நிறைவேறியது. தொழிலாளர்கள் கூடிச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கம்தான் கிரெடிட் யூனியன். அது நாடு முழுவதும் பரவ ஃபைலீன் தன் சொத்தில் பெரும்பகுதியைச் செலவு செய்தார். 1934ல் அமெரிக்கா முழுமைக்கும் சட்டம் வந்தது. இன்றைக்கு அங்கே 10 கோடிப் பேருக்கு மேல் அதில் உறுப்பினர்கள். அந்த அடித்தளக் கடையோ 2011ஓடு மூடிப்போனது. கடை போய்விட்டது, சங்கம் நிற்கிறது. என் மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இந்த வரலாற்றை நான் எங்கள் குழுக் கூட்டத்தில் சொன்னேன். மூத்த அக்காவும் கேட்டார். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 220 ரூபாயில் கால்வாசி குறைத்தால் 165. அடக்கம் 150. அதுவரை கூலிக்குச் சேதமில்லை. பாதி விலை என்றால் 110, அங்கே கூலியும் போய்த் துணிக் காசிலும் கை வைக்கும். அதனால் ஃபைலீன் கணக்கை அப்படியே எடுக்காமல், எங்களுக்கு ஏற்ற மாதிரி தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்.

கோடைத் துணி வைகாசி முதல் தேதிவரை 220 ரூபாய். அதற்கப்புறம் 190. வைகாசி பதினைந்துக்குப் பிறகு 165. அதற்குக் கீழே போவதென்றால் 6 பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தையல் கூலியைத் துணிக் காசோடு சேர்த்து முதலிலேயே எழுதிவிட வேண்டும். சித்திரை பாதிக்கு மேல் புதிதாகக் கோடைத் துணி வெட்டக் கூடாது. கடையில் போடும் சரக்குக்கு எழுத்தில் சீட்டு வாங்க வேண்டும். பரணில் எதையும் ஏற்றக் கூடாது.

கடைசி வரியைச் சொன்னது மூத்த அக்காதான். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூட்டத்துக்கு வராமல் இருந்த இரண்டு பேர் வீட்டுக்கும் அவரே நேரில் போய், "வாங்கடி, இனிமே தேதி போட்டுத்தான் விக்கிறோம்" என்று கூட்டி வந்தார். போன கோடையில் 240 நைட்டி தைத்தோம். வைகாசி முடியும்போது மிஞ்சினது 9. அதையும் 165க்கே ஆளுக்கு ஒன்றிரண்டாக எங்கள் வீடுகளுக்கே எடுத்துக்கொண்டோம்.

சகோதரிகளே, ஊறுகாயோ, சோப்போ, கைப்பையோ, நீங்கள் எது செய்து விற்றாலும், சரக்கு போடுகிற அன்றைக்கே விலை குறைக்கும் தேதியையும் எழுதி வையுங்கள். உங்கள் கூலியை அதற்கு முன்னால் எழுதி வையுங்கள். வாராவாரம் நாம் கட்டுகிற சந்தாவைச் சின்னது என்று நினைக்காதீர்கள். இதே மாதிரிச் சின்னச் சேமிப்பைப் பார்க்கத்தான் அன்றைக்கு ஒரு பெரிய கடை முதலாளி நம்ம நாட்டுக் கிராமத்துக்கு வந்து நின்றார்.